வாசகர் கேள்வி – பதில்: கூப்பன் இல்லாத ஊரில் ஒரு விலைக் கொப்பி

இம்முறை வந்த கடிதங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை பலசரக்குச் செலவைப் பற்றியவை. அவற்றில் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதற் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றக் கேள்விகளின் வேரும் அதிலேயே இருப்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கை, கூப்பன்களால் மிச்சம்பிடித்த கணக்கை ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் சொல்கிறாள். சென்ற வாரம் சலவைத் தூளைப் பாதி விலைக்கு வாங்கியதாக அவள் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. நாங்கள் இருவரும், இரண்டு பிள்ளைகளும், மாமியுமாக வீட்டில் ஐந்து பேர். மாதச் சாமானுக்கே சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. கொழும்பில் இப்படிக் கூப்பன் சேர்த்து மிச்சம்பிடிக்க வழியுண்டா? அதற்காக மணிக்கணக்கில் உட்கார எனக்கு நேரமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ‘கூப்பன்’ என்ற சொல்லை உங்கள் மாமியிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அவருக்கு நினைவு வருவது வேறாக இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையில் உணவுப் பங்கீடு தொடங்கியதிலிருந்து, 1979 இல் உணவு முத்திரைத் திட்டம் அதன் இடத்தைப் பிடிக்கும் வரை, நம் வீடுகளில் கூப்பன் என்றால் அது பங்கீட்டு அரிசிக்கான புத்தகந்தான். அதைத் தொலைத்த பிள்ளைக்கு அன்று அடி நிச்சயம். அந்த அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப் போய்த்தான் 1953 ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அதன் பின்னர் டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியிலிருந்தும் விலகினார். ஆகவே, கூப்பன் என்பது நமக்கு அரசாங்கம் அளந்து கொடுத்த உரிமையின் பெயர். வணிகர் நீட்டும் கழிவுக்கு அந்தப் பெயர் இங்கே ஒட்டவேயில்லை.

உங்கள் தங்கை சொல்லும் கூப்பன் வேறொரு வம்சத்தைச் சேர்ந்தது. 1880களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஒரு குவளை கொக்கா கோலாவை இலவசமாகக் குடித்துப் பார்க்கலாம் என்று அச்சிட்டுக் கொடுத்த சீட்டிலிருந்து அதன் கதையைத் தொடங்குவார்கள். அங்கே உற்பத்தியாளர் வெளியிடும் கூப்பனுக்கான கழிவைக் கடைக்காரர் தம் கையிலிருந்து கொடுப்பதில்லை. சேர்ந்த கூப்பன்களை அவர் திருப்பி அனுப்ப, அதில் குறித்த தொகையோடு கையாளும் கூலியாக, அமெரிக்காவில் வழக்கமாக கூப்பன் ஒன்றுக்கு 8 சதத்தையும் சேர்த்து, உற்பத்தியாளர் அவருக்குக் கொடுத்துவிடுகிறார். கனடாவில் இதைவிடப் பெரிதாகப் பயன்படுவது விலைத் துண்டுப்பிரசுரம். ஒரு கடையின் பிரசுரத்தைக் காட்டினால் அதே விலைக்குத் தரச் சம்மதிக்கும் வேறு சில கடைகளும் அங்கு உண்டு.

இந்த ஏற்பாட்டைக் கொழும்பில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் கழிவு இங்கு இல்லாமலில்லை. வேறு உருவங்களில் வருகிறது. வார இறுதிப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமாக வரும் சுப்பர்மார்க்கட் விலைகள், நெக்சஸ் போன்ற விசுவாச அட்டைகளின் உறுப்பினர் விலை, குறிப்பிட்ட நாள்களில் குறிப்பிட்ட வங்கியின் அட்டைக்கு மரக்கறி, பழம், மீன் ஆகியவற்றில் கிடைக்கும் கழிவு, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று நாடாவால் சேர்த்துக் கட்டிய பைக்கற்றுகள் ஆகிய அனைத்தும் கத்தரிக்கோல் தேவைப்படாத கூப்பன்களே.

உங்கள் தங்கை மிச்சம்பிடிப்பது கூப்பனால் மட்டுமல்ல என்றே நான் ஊகிக்கிறேன். அந்தச் சலவைத் தூள் வழக்கமாக என்ன விலை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ‘பாதி விலை’ என்று அவரால் சொல்ல முடிகிறது. நமக்கோ அந்த நிதானம் கலைந்து போயிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. முந்திய ஆண்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு அவ்வேளையில் ஏறக்குறைய 195 ரூபாய் கொடுத்தோம். அப்படியொரு பாய்ச்சலுக்குப் பின், ஒரு கிலோ பருப்பின் நியாயமான விலை என்ன என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று வாயில் வருவதில்லை. விலை தெரியாதவருக்கு மஞ்சள் நிறத்தில் ஒட்டிய எந்தத் துண்டும் மலிவாகவே தோன்றும்.

ஆகவே, உங்களுக்கு நான் சொல்வது ஒரு கொப்பி மட்டுமே. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் மிஞ்சிய தாள்கள் போதும். உங்கள் வீட்டில் மாதந்தோறும் தவறாமல் செலவாகும் பத்துச் சாமான்களை எழுதுங்கள்: அரிசி, மைசூர்ப் பருப்பு, சீனி, கோதுமை மா, தேங்காயெண்ணெய், பால்மா, தேயிலை, டின் மீன், சலவைத் தூள், சவர்க்காரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கும் ஒவ்வொரு தடவையும் திகதி, கடை, நிறை, விலை ஆகிய நான்கையும் பற்றுச்சீட்டைப் பார்த்துக் குறித்துவிட்டு, ஐந்தாவதாக 100 கிராமின் விலையையும் கணக்கிட்டு எழுதுங்கள். இதற்கு வாரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நீங்கள் வாங்காத வாரத்திலும் விளம்பரத்தில் அந்தச் சாமான் வந்தால் அந்த விலையையும் குறித்துக்கொள்ளலாம்.

அந்த ஐந்தாவது எண்ணே கொப்பியின் உயிர். ஓர் உதாரணம் சொல்கிறேன், விலைகள் கற்பனையானவை. சலவைத் தூள் 500 கிராம் 300 ரூபாய், ஒரு கிலோ 640 ரூபாய் என்றால், 100 கிராமுக்கு முறையே 60 ரூபாயும் 64 ரூபாயும் ஆகின்றன. பெரிய பைக்கற்று மலிவு என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடுகிறது. இப்போது கிலோ பைக்கற்றுக்கு 10 சதவீதக் கழிவு என்று அறிவிப்பு வருகிறது. விலை 576 ஆகிறது. 100 கிராம் 57 ரூபாய் 60 சதம். சிறிய பைக்கற்றோடு ஒப்பிட்டால் உண்மையில் கிடைத்த இலாபம் 4 சதவீதமே. அதேபோல, ‘இரண்டாவது பைக்கற்று பாதி விலை’ என்பது 25 சதவீதக் கழிவு. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 33 சதவீதத்துக்குச் சற்று மேல். எழுத்தின் அளவைப் பார்த்து மயங்காமல் இந்தக் கணக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டால், கடையில் நிற்கும்போதே தீர்மானிக்கலாம்.

இரண்டு மாதம் எழுதிய பின் கொப்பியைப் புரட்டினால் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அடிவிலை தென்படும். மற்ற நாள்களில் 320 ரூபாய்க்கு விற்கும் பருப்பு, சில வாரங்களுக்கொருமுறை ஏதோ ஒரு கடையில் 275 ரூபாய்க்கு இறங்கி வரும். அது எத்தனை வாரத்துக்கொருமுறை என்பதும் அதே பக்கத்தில் தெரியும். ஆறு வாரத்துக்கொருமுறை என்றால், அடிவிலை வரும் நாளில் ஆறு வாரத்துக்குப் போதுமானதை வாங்கிவிட்டு, இடையில் பருப்பு வரிசைப் பக்கமே போகாமலிருப்பது என்பதே முழு முறையும். மாதம் மூன்று கிலோ செலவாகும் வீட்டில் அதனால் மிஞ்சுவது 135 ரூபாய். இது ஓர் உழுந்து வடைக்கும் தேநீருக்கும் ஆகும் தொகைதான் என்று நீங்கள் நினைக்கலாம். பத்துச் சாமான்களிலும் இவ்வாறு மிஞ்சினால் அது பிள்ளைகளின் பாடசாலை வான் கட்டணத்தில் ஒரு பங்காக வந்து நிற்கும்.

ஆறு வாரத்துக்கு என்றேன். ஆறு மாதத்துக்கு என்று சொல்லவில்லை. வெளிநாட்டுக் கூப்பன்காரர்கள் நிலவறையில் அடுக்கி வைத்திருப்பதைப் போல நாம் அடுக்க முடியாது. கொழும்பின் ஈரக்காற்றில் றவையும் மாவும் கட்டி தட்டும். அரிசியிலும் பருப்பிலும் வண்டு விழும். சேமிப்பதாயின், ஈரமில்லாத மூடியுள்ள தகரப் பேணிகளில் போட்டு, அரிசிக்குள் நாலைந்து செத்தல் மிளகாயோ காய்ந்த வேப்பிலையோ இட்டு வைப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இதில் சவர்க்காரத்துக்கும் டின் மீனுக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றை மூன்று மாதத்துக்குக்கூட வாங்கி வைக்கலாம். காலாவதித் திகதியைப் பார்த்தால் போதும்.

இன்னுமொன்று. எந்தக் கழிவு வந்தாலும் அந்தப் பத்துக்கு வெளியே முதல் இரண்டு மாதம் கை நீளக்கூடாது. புதுவகை நூடில்ஸ் அரைவிலைக்குக் கிடைக்கிறதென்றால், அது வாங்காமல் விட்டால் முழுவிலையும் மிஞ்சும் பொருள்.

கேள்வி: எங்களிடம் மூன்று வங்கிகளின் கடனட்டைகள் இருக்கின்றன. சனிக்கிழமை ஒரு சுப்பர்மார்க்கட்டிலும் ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றிலும் மரக்கறிக்கும் மீனுக்கும் 25 சதவீதம் வரை கழிவு கிடைக்கிறது. தவறாமல் போகிறோம். ஆயினும் மாத இறுதியில் கடனட்டைக் கணக்கு ஏறியே வருகிறது. எங்கே பிழைக்கிறோம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பிழை மரக்கறியில் இல்லை, மரக்கறிக்குப் போகும் வழியில் இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் மரக்கறி, பழம் உள்ள பகுதியை அடைவதற்குள் பிஸ்கட்டையும் குளிர்பானத்தையும் தாண்டியாக வேண்டும், அல்லது திரும்பி வரும்போது தாண்டியாக வேண்டும். 1,000 ரூபாய் மரக்கறியில் 250 ரூபாய் கழிந்தது என்ற மகிழ்ச்சியில், கழிவே இல்லாத 900 ரூபாய்ச் சாமான் வண்டிக்குள் ஏறிவிடுகிறது. கடந்த மாதப் பற்றுச்சீட்டுகளை எடுத்து, கழிவு கிடைத்த வரிகளைப் பச்சையாலும் மற்றவற்றைச் சிவப்பாலும் கோடிட்டுப் பாருங்கள். என் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது, சலுகையின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பவை. குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, கழிவின் உச்சவரம்பு எவ்வளவு, எந்தப் பொருள்களுக்கு, எந்தத் திகதி வரை என்ற நான்கையும் வீட்டிலேயே வாசித்துவிட வேண்டும். குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகக் காசாளர் முன் நின்றுகொண்டு சொக்கலேட் பெட்டியொன்றை எடுத்துப் போடுவது நம்மில் பலர் செய்த காரியம். நானும் செய்திருக்கிறேன்.

மூன்றாவதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடனட்டை நிலுவையை ஒவ்வொரு மாதமும் முழுவதுமாகக் கட்டுகிறீர்களா, அல்லது குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளி வைக்கிறீர்களா என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. கணக்கு ‘ஏறியே வருகிறது’ என்ற சொற்களிலிருந்து இரண்டாவதாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். 50,000 ரூபாய் நிலுவை நிற்கிறது, அதற்கு மாத வட்டி 2 சதவீதம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் வட்டி. நான்கு வார இறுதிகளிலும் 250 ரூபாய் வீதம் நீங்கள் பெற்ற கழிவும் 1,000 ரூபாய். வங்கி ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டது. போக்குவரத்தும் அலைச்சலும் உங்கள் கணக்கில் நிற்கின்றன. நிலுவை தீரும் வரை அட்டைகளை அலுமாரியில் பூட்டிவிட்டு, கொட்டாஞ்சேனைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குங்கள். தீர்ந்த பின், பற்றட்டைக்கும் அதே சலுகை தரும் வங்கியிருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. கையிலுள்ள பணத்துக்கு மேல் அது போகவிடாது.

மரக்கறியைப் பொறுத்தவரை இன்னுமொரு சொல். 25 சதவீதம் கழித்த பின் வரும் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிட வேண்டுமே தவிர, அதே கடையின் முழு விலையோடு அல்ல. சுப்பர்மார்க்கட்டில் 480 ரூபாயாக இருக்கும் போஞ்சி கழிவுக்குப் பின் 360 ஆகலாம். அதே காலையில் சந்தையில் அது 350 ஆக இருந்தால் கொண்டாட ஒன்றுமில்லை. மரக்கறியில் மிகப் பெரிய கழிவைத் தருவது பருவந்தான். 2024 ஜனவரியில் மலைநாட்டில் மழையால் விளைச்சல் கெட்டுக் கரட் கிலோ 2,000 ரூபாய் வரை ஏறியபோது, அட்டைக்கழிவு கழித்தாலும் அது 1,500 ரூபாய்க் கரட்டாகவே இருந்தது. அப்படியான வாரத்தில் பூசணியும் வாழைப்பூவும் கீரையும் சமைக்கும் வீடு, எந்த வங்கியும் கொடுக்க முடியாத கழிவைப் பெற்றுவிடுகிறது.

கேள்வி: புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கினால் எல்லாமே மலிவு என்று என் அயலவர் சொல்கிறார். தெஹிவளையிலிருந்து மாதம் ஒருமுறை போய்வருவது இலாபமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: எல்லாம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நிறை குறைந்து விலை கூடிய சாமான்களுக்குப் போங்கள். நிறை கூடி விலை குறைந்தவற்றுக்குப் போகாதீர்கள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, ஏலம், கறுவா போன்றவை ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். சிறிய கண்ணாடிப் போத்தல்களிலும் 50 கிராம் பைக்கற்றுகளிலும் வாங்கும்போது பொதிக்கே நாம் கணிசமான பணம் கொடுக்கிறோம். குறுக்குத் தெருக் கடைகளில் அவற்றை நிறுத்து வாங்குவதால் வரும் வித்தியாசம் உங்கள் விலைக் கொப்பியில் கண்ணைப் பறிக்கும். காலி வீதியில் 100 அல்லது 101 இலக்கப் பேருந்திலோ கரையோரப் புகையிரதத்திலோ போய், அப்படியே திரும்பினால் செலவு சொற்பம்.

ஆனால் மூட்டையாக வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கிவிட்டால் ஓட்டோ இல்லாமல் திரும்ப முடியாது. கூலியை அந்த மூட்டையின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அத்தோடு நான்கு பேருள்ள வீட்டில் ஒரு மூட்டை வெங்காயம் தீருமுன் அடியிலுள்ளது முளைவிட்டு நாறும். உங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகள் சேர்ந்து ஒருவர் போய் வாங்கிப் பங்கிடுவதாயின் கதை வேறு. சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நமக்கு இதை ஒழுங்குபடுத்துவது கடினமா என்ன? யார் எந்த மாதம் போவது, ஓட்டோக் கூலியில் யாருடைய பங்கு எவ்வளவு, தராசு யார் வீட்டில் என்பதை முதலிலேயே பேசிவிட்டால் மனத்தாங்கல் வராது.

மொத்த மரக்கறிக்காகப் புறக்கோட்டைக்குப் போக எண்ணியிருந்தால், மெனிங் சந்தை பேலியகொடைக்கு இடம்மாறிவிட்டது என்பதையும் கவனியுங்கள். ஒரு வீட்டுக்கான மரக்கறிக்கு அவ்வளவு தூரம் போவதில் இலாபமில்லை.

கேள்வி: அட்டையில் சேரும் புள்ளிகளை வருட இறுதிவரை சேர்ப்பதா, அவ்வப்போது செலவழிப்பதா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: அவ்வப்போது. புள்ளிக்கு வட்டியில்லை, சாமானின் விலையோ ஏறும். காலாவதியாகும் புள்ளிகளும் உண்டு. ஆனால் புள்ளிக்காகக் கடையை மாற்றாதீர்கள். 100 ரூபாய் செலவுக்கு உங்களுக்குத் திரும்பி வருவது எவ்வளவு என்பதைப் பற்றுச்சீட்டின் அடியில் அச்சாகும் புள்ளிக்கணக்கை வைத்து ஒருமுறை வகுத்துப் பாருங்கள். பக்கத்துப் பலசரக்குக் கடையில் 100 ரூபாய்ச் சீனி அந்தத் தொகைக்கும் மேலாக மலிவாகக் கிடைத்தால், அந்தக் கடையே உங்களுக்கு அதிகப் புள்ளி கொடுக்கிறது.

கேள்வி: தட்டில் ஒட்டிய விலை ஒன்று, காசாளரிடம் வரும் விலை இன்னொன்று. வீட்டுக்கு வந்த பிறகே கண்டுபிடிக்கிறேன். கேட்டால் சண்டைக்காரி என்று நினைப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. சட்டம் ஏதும் உண்டா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: தயங்க வேண்டியதில்லை. எனக்கும் இது நேர்ந்தது. ஒரு கடையில் 20 சதவீதக் கழிவு என்று எழுதியிருந்த சலவைத் திரவத்தை எடுத்து வந்து, இரவில் கொப்பியில் எழுதும்போது பார்த்தால் முழு விலை போடப்பட்டிருந்தது. மறுநாள் பற்றுச்சீட்டோடு போனேன். சலுகை முந்திய நாளோடு முடிந்துவிட்டதாகவும் துண்டை எடுக்க மறந்துவிட்டதாகவும் சொன்னார்கள். துண்டு அப்போதும் தட்டிலேயே இருந்ததால், முகாமையாளர் வித்தியாசத்தைத் திருப்பித் தந்தார். குரலை உயர்த்த வேண்டி வரவில்லை. ஆனால் ஓட்டோவுக்குக் கொடுத்த காசு திரும்பவில்லை என்பதால், அன்றிலிருந்து கடையின் வாசலைத் தாண்டுமுன் பற்றுச்சீட்டை வாசித்துவிடுகிறேன். பின்னால் நிற்பவர்களுக்கு இடைஞ்சலாக இராதபடி, பைகளை வைக்கும் மேசையருகே ஒதுங்கி நின்று கழிவு வந்திருக்க வேண்டிய வரிகளை மட்டும் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பொலித்தீன் பைக்கும் 2025 நவம்பர் முதல் கட்டணம் அறவிடப்படுவதால், அந்த வரியையும் பாருங்கள்; வீட்டிலிருந்து பை கொண்டுபோனவருக்கு அது வரக்கூடாது.

சட்டம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின்படி வணிகர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். பொதியில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் விற்பதும் குற்றம். சிறிய கடைகளில் குளிரூட்டிய சோடாவுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் ‘குளிர்ச் செலவு’ என்று கூட்டிக் கேட்பது இதில் அடங்கும். முறையிடுவதாயின் அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. பற்றுச்சீட்டும் பொதியும் கையிலிருந்தால் முறைப்பாடு வலுவாக இருக்கும். ஆகவே சந்தேகமுள்ள பொதியை உடைத்துவிடாதீர்கள். எனினும் முதலில் கடையின் முகாமையாளரிடம் கேட்பதே முறை. என் அனுபவத்தில், பற்றுச்சீட்டை நீட்டி அமைதியாகக் கேட்பவரைக் கடைக்காரர்கள் சண்டைக்காரியாகப் பார்ப்பதில்லை. கவனமான வாடிக்கையாளராகவே பார்க்கிறார்கள்.

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கிப் படிக்கிறேன். தனியாளுக்குச் சமைக்கிறேன். நீங்கள் முன்பு எழுதிய ‘மொத்தமாக வாங்குங்கள்’ என்ற ஆலோசனை எனக்கு ஒத்துவரவில்லை. குளிர்சாதனப் பெட்டியும் இல்லை.
– மாணவி

பதில்: ஒத்துவராது, அதை எழுதும்போது உங்களைப் போன்றவர்களை நான் நினைக்கவில்லை. தனியாளுக்குப் பெரும் இழப்பு விலையில் வருவதில்லை, வீணாவதில் வருகிறது. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று வாங்கிய யோகட்டில் ஒன்று புளித்துவிட்டால், முதலிரண்டுக்கும் நீங்கள் முழு விலை கொடுத்ததாகவே ஆகிறது. பத்துச் சாமான் கொப்பியை உங்களுக்கு நான்காகக் குறைத்துவிடலாம்: அரிசி, பருப்பு, டின் மீன், தேயிலை. இவற்றுக்கு மட்டும் அடிவிலை பாருங்கள். மரக்கறியை இரண்டு நாளுக்கொருமுறை சந்தையில் 250 கிராம் என்று கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். கால் கிலோ போஞ்சியும் இரண்டு தக்காளியும் நிறுத்துத் தரும் வியாபாரிகள் அங்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். கடை சாத்தும் நேரத்துக்குச் சற்று முன் போனால், மறுநாளைக்கு வைத்திருக்க முடியாத கீரையைக் குறைத்துக் கொடுப்பார்கள்.

தேங்காய்தான் உங்களுக்குச் சிக்கல். 2024 இன் பிற்பகுதியிலும் 2025 இன் தொடக்கத்திலும் ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியதைக் கண்டிருப்பீர்கள். பாதி மூடி மறுநாள் கெட்டுவிடும் என்று மனங்கலங்க வேண்டாம். அடுத்த அறையிலும் ஒரு மாணவி சமைப்பாராயின், ஒரு நாள் நீங்களும் மறுநாள் அவரும் ஒரு காய் வாங்கி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், மீதி மூடியைத் துருவி, சிறிது உப்போடு ஈரமில்லாத சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்து, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்த்து இடித்து ஒரு போத்தலில் அடைத்துவிடுங்கள். பாணுக்கும் சோற்றுக்கும் அது ஒரு வாரம் வரும்.